நாலாம் எண் பிரதி

டுலூத், அக்டோபர் 6

அன்புள்ள டேல்,

நலமா? ஏரிக்காற்று இப்போதே எலும்பைத் தொடுகிறது. உன் கழுத்துக்குட்டை இன்னும் என் அலமாரியில்தான் கிடக்கிறது. கேட்டு எழுத மாட்டாய், தும்மிக்கொண்டே திரிவாய்.

எழுதுவது வேறு காரியத்துக்கு. நம் பிரித்தா இறந்து மூன்று வருடம் கழித்து, அந்தப் படகுக் கதையை என் வகுப்பு வாசிப்புக் குழுக்களுக்காக வெளியே எடுத்தேன். பிள்ளைகள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் மூன்று விருப்பங்களை எழுத வேண்டும். புதிதாக வந்த டெலைனா மூன்று வரியிலும் இதையே எழுதியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "வேற எழுதினா நீங்க அதக் குடுத்துருவீங்க மிஸ்" என்கிறாள்.

குழுவில் ஆறு பேர், என்னிடம் ஐந்து பிரதி. நாலாம் எண் பிரதி ஆஸ்பத்திரிப் பையோடு உன் வீட்டுக்குப் போனது. அட்டைக்குள் நம் மகள் பெயர் எழுதியிருப்பாள், இருக்கட்டும். அனுப்பி வை.

மாரிட்


டூ ஹார்பர்ஸ், அக்டோபர் 11

அன்புள்ள மாரிட்,

குட்டையை நீயே வைத்துக்கொள். நான் ஓட்டும் பனி வாரும் வண்டிக்குள் எனக்குச் சூடு போதும்.

புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. புதிது ஒன்று வாங்கி உன் பள்ளிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ இளைத்துவிட்டதாக உன் அக்கா சொன்னாள். ஒழுங்காகச் சாப்பிடு.

டேல்


டுலூத், அக்டோபர் 19

அன்புள்ள டேல்,

புதுப் புத்தகம் வந்தது. பக்க எண் ஒத்துவரவில்லை. மற்றவர்கள் நாற்பதில் நிற்கும்போது டெலைனா முப்பத்தொன்றில் நிற்கிறாள். "எங்க நிறுத்தணும்னு எனக்கு மட்டும் தெரியல மிஸ்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். சொன்ன பக்கத்தைத் தாண்டி யாரும் படிக்கக் கூடாது, முடிவு எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும். என் விதி உனக்குத் தெரியும்.

நீ எதையும் தொலைக்கிறவன் இல்லை. ஏன் தர மறுக்கிறாய் என்று புரியவில்லை. ஆனால் நான் ஏன் உன்னை விட்டுப் போனேன் என்று நீயும் கேட்டதில்லை. சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை பிரித்தா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றிருந்தாள். "அம்மா, படகு திரும்பி வருமா? எனக்கு மட்டும் சொல்லிடேன்" என்று கெஞ்சினாள். அவள் வாசிப்புக் குழுப் பிள்ளைகள் கடைசி அத்தியாயத்துக்காக ஆஸ்பத்திரிக்கே வருவதாக இருந்தது. "வியாழக்கிழமை வரைக்கும் பொறுடி, எல்லாரும் சேர்ந்து தெரிஞ்சுக்கலாம்" என்றேன். புதன்கிழமை காலையில் போய்விட்டாள்.

பெற்ற பிள்ளைக்கு ஒரு கதையின் முடிவைச் சொல்ல மறுத்தவள் நான். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்தது. வேறு எந்தக் குறையும் உன்னிடம் இல்லை.

மாரிட்


டூ ஹார்பர்ஸ், அக்டோபர் 24

என் மாரிட்,

புத்தகம் இதோடு இருக்கிறது. அது தொலையவே இல்லை.

செவ்வாய் மத்தியானம் நீ குளித்துவர வீட்டுக்குப் போயிருந்தாய். மருத்துவர் என்னை வெளியே அழைத்து, இனி நாள்கணக்குகூட இல்லை என்றார். உன்னிடம் நானே சொல்வதாக ஒப்புக்கொண்டேன். உள்ளே வந்து புத்தகத்தை எடுத்தேன்.

"அம்மா திட்டுவா."

"நான் பாத்துக்கறேன், நீ கேளு."

கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன். பிறகு அவள் மஞ்சள் சீட்டு ஒன்று கேட்டு வாங்கி, எதையோ எழுதிக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள். என்னைப் பார்க்க விடவில்லை. "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள்.

நீ சோப்பு வாசனையோடு வந்து, வியாழக்கிழமைக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று எண்ணத் தொடங்கினாய். மருத்துவர் சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இப்படி ஒன்றைச் சுமக்கிறாய் என்று தெரிந்திருந்தால் சத்தியத்தை எப்போதோ உடைத்திருப்பேன். அந்தச் சீட்டைப் படிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

டேல்


டுலூத், நவம்பர் 1

டேல்,

எனக்குத் தெரிந்திருந்தால் நாற்காலி எண்ணியிருக்க மாட்டேன். அவள் பக்கத்தில் படுத்திருப்பேன். அந்த ஒரு சாயங்காலத்தை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். மன்னிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கு முடிவைக் கொடுத்தவனும் நீதான். அதற்காக உன் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன, என்ன செய்ய.

சீட்டில் இருப்பது உனக்கும் தெரிய வேண்டும். பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "படகு திரும்பி வருது. வியாழக்கிழமை அம்மா முன்னாடி தெரியாத மாதிரி நடிக்கணும்."

நாலாம் பிரதியை டெலைனாவிடம் கொடுத்துவிட்டேன். சீட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் முடிவு இருக்கிறதே.

வருகிற ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பன்னிரண்டரைக்கு அந்தக் குழுவின் கடைசிக் கூட்டம். கடைசி அத்தியாயத்தை என்னால் வாசிக்க முடியாது. நீ வா. அவளுக்கு வாசித்த மாதிரியே இவர்களுக்கும் வாசி. நான் நடைகூடத்தில் நிற்பேன். முடிந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போய்விடு, என்னைத் தேட வேண்டாம்.

வாசிக்கும்போது கதவை மட்டும் மூடாதே.

மாரிட்