ராதாவுக்கு மசக்கை

ஈஜிபுரா, பெங்களூர்
14-8-1998

அன்பு மகள் மகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மழை வந்தால் மட்டும் அவருக்கு முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்தது. எல்லாம் சரி, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, ராதா சின்னம்மா விஷயத்தில் நீ ஒதுங்கியே இரும்மா, நாலு பேர் ஒருமாதிரி பேசுகிறார்களாம் என்று. மகா, நான் ஒதுங்கப் போவதில்லை. உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்ததை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

சித்திரைக் கடைசியில் ஆரம்பித்தது. நாங்கள் ரெண்டு பேரும் சமைக்கிற கேன்டீனில் காலைச் சாம்பாருக்கு ராதா தாளித்துக்கொண்டிருந்தவள், வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பித்தம் என்றாள். மறுநாளும் பித்தம், அதற்கு மறுநாளும் பித்தம். ரெண்டு பிள்ளை பெற்றவளுக்கு எனக்குத் தெரியாதா, கேஸ் சிலிண்டர் அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போய் நேராகவே கேட்டேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அக்கா, போன வருஷம்தான் சுனிதாவக் கட்டிக் குடுத்தேன். நாப்பத்தோரு வயசுல நான் மாசமா இருக்கேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது" என்றாள். ஊரை விடு, உனக்கு இந்தப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல், எதுவானாலும் நான் கூட இருக்கிறேன் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "வேணும்க்கா" என்றாள், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல அவ்வளவு மெதுவாக. எனக்கு அது போதும். அன்றைக்கே கான்ட்ராக்டர் ஜெயராஜிடம் போய், தாளிப்பு அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், ராதாவைப் பின்வாசலில் காற்றாடக் காய் நறுக்க உட்கார வையுங்கள் என்றேன். வாந்தி எடுக்கிறவளை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது, வீட்டுக்குப் போகட்டும் என்றார். அவள் போனால் நானும் போகிறேன், நாளைக்கு முந்நூறு பேர் சாப்பாட்டை நீங்களே கிளறுங்கள் என்று ஏப்ரனைக் கழற்றினேன். முறைத்தார், முணுமுணுத்தார், அப்புறம் பின்வாசலுக்கு அவரே ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

உனக்குத்தான் தெரியுமே, அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். நம் அடுப்புப் புகை நேராக அவள் ஜன்னலுக்குத்தான் போகும். அதனால் நம் வீட்டில் கருவாட்டை நிறுத்திவிட்டேன். உன் அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அப்புறம் மாடி வீட்டுக்காரர்கள் கருவாடு வறுத்தபோது இவரே படியேறிப் போய், "கீழ புள்ளத்தாச்சி இருக்குதுங்க, கொஞ்ச நாளைக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். காலையில் ராதா படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்பே தலைமாட்டில் பொரி வைத்திருப்பேன், படுத்தபடியே ரெண்டு வாய் மென்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுந்தால் குமட்டல் அவ்வளவாக இல்லை. வயிறு காலியாகவும் விடக்கூடாது, நிறையவும் போடக்கூடாது. சூடாக இருந்தால் வாசனை தூக்குகிறது என்று கஞ்சியை ஆறவைத்து, உப்பு நாரத்தங்காய் ஒரு துண்டோடு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். சில நாள் நின்றது, சில நாள் என் புடவை மேலேயே வந்தது. அவள் புருஷன் முனிகிருஷ்ணனுக்கோ வெட்கம், விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவான், இருட்டிய பிறகுதான் தெருவுக்குள் வருவான். ஒருநாள் வாசலில் பிடித்து நிறுத்தி, நீ தலையைக் குனிந்துகொண்டு போனால் உள்ளே இருக்கிறவள் எப்படி நிமிருவாள் என்று கேட்டேன். மறுநாள் காலையில் வாந்திப் பாத்திரத்தை அவன்தான் கழுவிக்கொண்டிருந்தான், வாசல் குழாயில், எல்லாரும் பார்க்க.

வைகாசியில் ரொம்ப மோசமாகிவிட்டது. தண்ணீர்கூட நிற்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போகிறது என்றாள். இனி வீட்டு வைத்தியம் உதவாது என்று ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீட்டில் வயசைப் பார்த்ததும் அங்கே இருந்த ஆயா கூட்டத்துக்கு நடுவே சத்தமாக, "ஈ வயஸ்ஸல்லி இது பேக்கித்தா?" என்றாள். இந்த வயசில் இது தேவையா என்று கேட்கிறாள், பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள், ராதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "பேக்கித்து, அதக்கே பந்தித்தீவி" என்று அவளைவிடச் சத்தமாகச் சொன்னேன். தேவைதான், அதனால்தான் வந்திருக்கிறோம் என்று. யாரும் அப்புறம் சிரிக்கவில்லை. உள்ளே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி, குளுக்கோஸ் ஏற்றி மாத்திரை எழுதிக் கொடுத்து, தண்ணீர் தங்கவில்லையென்றால் காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றார். குளுக்கோஸ் இறங்க இறங்க அவள் உதட்டில் ஈரம் திரும்பியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாள் பொம்மனஹள்ளியிலிருந்து சுனிதாவின் மாமியார் வந்து இறங்கினார், பின்னால் சுனிதாவும். உட்காரக்கூட இல்லை. "என் மருமக முழுகாம இருக்க வேண்டிய நேரத்துல அவ அம்மா முழுகாம இருந்தா நான் தெருவுல எப்பிடித் தலை காட்டறது? ஆஸ்பத்திரிக்குப் போயி இத முடிச்சிட்டு வாங்க, அதுக்கப்புறம் சுனிதாவ அனுப்பறேன்" என்றார். ராதா அப்போதுதான் வாந்தி எடுத்திருந்தாள், பாத்திரம் என் கையில் இருந்தது. நான் அதோடு நின்றபடியே சொன்னேன், "சம்பந்தியம்மா, கட்டின புருஷனோட புள்ளைய வயித்துல வெச்சிருக்கறா. இதுல வெக்கப்பட என்னா இருக்குது? தல காட்ட முடியலன்னா நீங்க வீட்டுக்குள்ளயே இருங்க." அவர் சுனிதாவைப் பார்த்து, வாடி போகலாம் என்றார். அந்தப் பெண் அசையவில்லை. அவளுக்கும் கூச்சம்தான் மகா, வந்ததிலிருந்து அம்மா முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மகள் என்ன சொல்வாளோ என்று பயந்து கிடந்த அம்மாவைப் பார்த்தாள். நேராக வந்து என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டு, "நீங்க போங்க அத்தே, நான் அம்மாவுக்குச் சரியானதும் வரேன்" என்றாள். அந்த அம்மா தனியாகத்தான் பஸ் ஏறினார். ராதா அன்றைக்கு அழுதது வேறு அழுகை. சுனிதாவின் புருஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சாத்துக்குடி கொடுத்துவிட்டு, மெதுவா வா என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். மாமியார் இன்னும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது ஐந்தாம் மாதம். குமட்டல் முழுக்கப் போகவில்லை, ஆனால் சோறு தங்குகிறது, முகத்தில் சதை பிடித்திருக்கிறது. போன சனிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் விவேக் நகர் கடைவீதிக்கு நடந்து போனோம். வளையல் கடைக்காரம்மா ராதா வயிற்றைப் பார்த்துவிட்டு, நம்ப முடியாதவள்போல என்னிடம் குரலைத் தாழ்த்தி, இவங்க மகளுக்குத்தானே விசேஷம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராதா முந்தானையைச் சரிசெய்யாமல் நிமிர்ந்து நின்று, "மகளுக்கு இல்லம்மா, எனக்குத்தான். அஞ்சாவது மாசம். அந்தப் பச்ச வளையல எடுங்க, என் கைக்கு அளவு பாக்கணும்" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நம் வீட்டில்தான், நான்தான் செய்கிறேன், அப்பாவும் சரி என்றுவிட்டார். யாரும் வராவிட்டால் கேன்டீன் பெண்கள் வருவார்கள், அவர்களுக்கே வீடு கொள்ளாது.

காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கடைக்கு ஃபோன் பண்ணும்போது ராதாவையும் கூப்பிட்டு வைக்கிறேன், முதலில் அவளிடம் பேசு, சந்தோஷம் சின்னம்மா என்று கூசாமல் வாய்விட்டுச் சொல். உன் குரலில் அதைக் கேட்க அவள் ஆசைப்படுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் அம்மா
பாஞ்சாலி ராஜேந்திரன்