மகள் அனுப்பிய விளக்கு

மேனாம்பேடு,
12.2.1996

அன்புள்ள மகளுக்கு,

டொரோண்டோவிலிருந்து குளிர்காலச் சோர்வுக்கு அங்கே வெயிலுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி நீ அனுப்பிய, கைப்பெட்டி அளவு விளக்கு பழுதின்றி வந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, மாதா கோயிலுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு, அதன் முன் அரைமணி நேரம் உட்காருகிறேன். பூசைக்குத்தான் போவதில்லை.

"வெளிய இம்மாம் வெயில் காயுது, நீ இன்னாம்மா லைட்டு எதுர்ல குந்திகினுகீறே?" என்று வேலைக்கு வரும் முத்தம்மாள் சிரிக்கிறாள். மகள் சொன்ன வைத்தியம் என்றேன்.

இரண்டு வாரத்தில் மனச்சோர்வு குறையும் என்று எழுதியிருந்தாய். ஆறு வாரமாகிறது. விளக்கில் குறையில்லை. கண்களைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று அதனுடன் வந்த குறிப்பில் இருக்கிறது. நான் ஜெபத்தில் மூடுவதுபோல் மூடிக்கொள்கிறேன். திறந்தால், அப்பாவின் நாற்காலி காலியாக இருப்பது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

உன் அம்மா