ஆறாம் கேள்விக்குப் பூஜ்யம்

மயூர் விஹார், தில்லி
12 நவம்பர் 2025

அன்புள்ள சுபாஷிணிக்கு,

வசுமதி எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகள் ஒரே பள்ளியில் புவியியல் கற்பித்தோம். ஒரே சொசைட்டியில் வீடு வாங்குவதாகவும் பேசி வைத்திருந்தோம். நீ திடீரென்று வேறு பள்ளிக்குப் போனாய். வீட்டையும் துவாரகாவில் வாங்கிக்கொண்டாய். காரணத்தை நான் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமுமில்லை. உன் முகவரியைக் கணக்கு வாத்தியார் சேஷன் தந்தார்.

சென்ற வாரம் அந்தமான் எரிமலையைப் பற்றி ஒரு சொற்பொழிவு. பேசியவளுக்கு முப்பது வயதுகூட இராது. ஒரு புவித்தட்டின் கீழே சரியும் கடலடித் தட்டு தானே உருகித்தான் எரிமலையாகிறது என்பது தவறு என்றாள். எழுந்து திருத்தினேன்.

“ஆண்ட்டி ஜி, அது பழைய பாடம்,” என்றாள்.

கூட்டம் சிரிக்கவில்லை, அதுதான் அவமானம். பிறகு விளக்கினாள். சரியும் தட்டு கடல்நீரைத் தன் கனிமங்களுக்குள் பூட்டிக்கொண்டு இறங்குகிறதாம். நூறு கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தமும் வெப்பமும் ஏற, அந்த நீரைக் கக்கிவிடுகிறது. நீர் கலந்ததும் மேலேயுள்ள சுடுபாறை குறைந்த வெப்பத்திலேயே உருகுகிறது. குழம்பு லேசானது, மேலேறுகிறது. அழுத்தம் குறையக் குறைய, கரைந்திருந்த நீர் ஆவியாகக் குமிழ்த்து மலையைப் பிளக்கிறது.

இதையே 1993 ஆண்டுத் தேர்வில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். ஹவில்தார் ஜெயபாலின் மகள் தமிழ்செல்வி. நூலகத்தில் ஏதோ கலைக்களஞ்சியத்தைப் புரட்டிவிட்டு வகுப்பிலேயே வாதாடியவள். “வெறும் சூடுதான் காரணம்னா எல்லா எடத்துலயும் வெடிக்கணுமே மிஸ்? தட்டு கூடவே கடல்தண்ணியும் உள்ள போகுது.” பாடத்தில் இருப்பதை எழுது என்றேன். எழுதவில்லை. ஆறாம் கேள்விக்குப் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் ‘கற்பனை’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மொத்தம் இருபத்தொன்பது, தேற முப்பத்துமூன்று வேண்டும்.

தோற்றால் ஊரில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தது நம் இருவருக்கும் தெரியும். நான் காமாலையில் படுத்ததால் மதிப்பெண் பட்டியல் எழுதியது நீ. திரும்பி வந்தபோது அவள் பள்ளியில் இல்லை.

அவளுக்கு என்ன ஆயிற்று? ஆறுதல் வேண்டாம், தகவல் போதும்.

இப்படிக்கு,
வசுமதி


துவாரகா
19 நவம்பர் 2025

அன்புள்ள வசுமதி அக்காவுக்கு,

வணக்கம். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

தமிழ்செல்வி தேறினாள். உங்கள் பூஜ்யத்தை நான் ஐந்தாக்கினேன். பட்டியலில் முப்பத்துநான்கு என்று எழுதினேன். அவள் அப்பாவுக்கு ஆவடிக்கு மாற்றலாயிற்று. டி.சி. வாங்க வந்தவள், “பன்னெண்டாவது அங்க சேரப்போறேன் மிஸ்!” என்று குதித்தாள். இப்போது திருச்சியில் ஆசிரியை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள்.

விடை சரியென்று தெரிந்து செய்ததாக எண்ணிவிடாதீர்கள். நானும் தட்டு உருகும் என்றே கற்பித்தவள். விடைக்குப் பக்கத்தில் எரிமலைப் படத்தை அத்தனை அழகாக வரைந்திருந்தாள். தோற்கடிக்க மனம் வரவில்லை. நீங்கள் அறிந்தால் தலைமையாசிரியரிடம் போவீர்கள் என்று பயம். தினமும் உங்கள் முகத்தில் விழிக்க முடியாமல்தான் இந்தப் பக்கம் வந்தேன். மன்னியுங்கள்.

என்றும் அன்புடன்,
சுபாஷிணி


மயூர் விஹார்
24 நவம்பர் 2025

அன்புள்ள சுபாஷிணிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். ‘தேறினாள்’ என்ற சொல்லுக்கு மேல் படிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மீதியைப் படித்தேன்.

உன் பயம் நியாயமானது. அன்றே தெரிந்திருந்தால் அன்றே தலைமையாசிரியரிடம் போயிருப்பேன். எனக்கு வந்த காமாலைக்கு முதன்முறையாக நன்றி சொல்கிறேன்.

படம் அழகு என்று மதிப்பெண் போடுவது ஆசிரியத் தொழில் அல்ல. ஆனால் பாடத்தில் இல்லை என்று பூஜ்யம் போட்டவள் அதைச் சொல்லக்கூடாது. மன்னிப்பு என்னிடம் கேட்கிறாய். நான் கேட்க வேண்டியவள் திருச்சியில் இருக்கிறாள். அவள் எழுதியது சரி என்று இதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன்.

அவள் முகவரியைத் தபாலில் அனுப்பாதே. நேரில் கொண்டு வா. துவாரகாவில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் இங்கே இறங்கலாம். ஞாயிறு வா. புகைமூட்டம் அதிகம், முகமூடி போட்டுக்கொள்.

இப்படிக்கு,
வசுமதி

பி.கு.: அந்தக் கேள்விக்கு மொத்தம் எட்டு மதிப்பெண். மாட்டிக்கொண்டால் வேலை போகும் என்று தெரிந்தே திருத்தியவள், மூன்றை எதற்கடி குறைத்தாய்?