பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

என் பிரியமானவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு இருமல் தணிந்துவிட்டது. சின்னவள் முன்பல் விழுந்ததிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். போனில் நான் உங்கள் புது வேலை விஷயத்தைத் தொடங்கினாலே, இங்கிலீஷ் கிளாஸுக்குப் போய் ரொம்பத்தான் தேறிட்டே என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை அங்கே கிளம்பும் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை படியுங்கள்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் போன வாரம் இலக்கணத்தை ஓரம் வைத்துவிட்டு, இன்டர்நெட்டில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். எழுதியது யார், எப்போது, அதனால் அவர்களுக்கு என்ன லாபம், வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று பார்க்கணுமாம். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள் என்றார். ஆளுக்கொரு பக்கத்தைச் சோதிக்கச் சொன்னபோது, நீங்கள் வெல்டிங் வேலையை விட்டுவிட்டுச் சேரப்போகும் கம்பெனியின் பக்கத்தை எடுத்தேன். எல்லோர் முன்னாலும் பெருமையாகக் காட்டலாம் என்றுதான்.

இருபது வருஷக் கம்பெனி என்கிறார்கள். அந்தப் பக்கமே போன மாதம்தான் தொடங்கியது. மேனேஜர் என்று போட்டிருக்கும் ஆளின் படத்தைத் தேடினால், அதே முகம் வேறொரு நாட்டில் பல் டாக்டராகச் சிரிக்கிறது. முகவரியை மேப்பில் பார்த்தால் கார் கழுவும் இடம். கிளாஸில் பக்கத்தில் இருந்த தையல்கார அக்கா, உன் வீட்டுக்காரர் இவங்ககிட்ட பாஸ்போர்ட்டைக் கொடுத்துடலையே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவர்கள் நம்பருக்கு நானே போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை உன் புருஷனை ஏத்திக்க வேன் வரும், பாஸ்போர்ட்டை முதலில் கொடுக்கச் சொல்லு, மற்றதெல்லாம் அப்புறம் என்று அதட்டினான் ஒருத்தன். அத்தையிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்கள் பட்டறை சூப்பர்வைசருக்கு நானே இங்கிலீஷில் மெயில் எழுதினேன். டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். நேரமில்லை என்று அப்படியே அனுப்பினேன். பதில் வந்தது. உங்கள் ராஜினாமாவை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லையாம். வியாழனுக்குள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால், அதே வேலை, அதே அறை. நல்ல வேலைக்காரனை விட எனக்கும் மனசில்லை என்று எழுதியிருக்கிறார்.

பெண்டாட்டி தலையிட்டாள் என்று பட்டறையில் நாலு பேர் சிரிப்பார்கள். உங்களுக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று தெரியும். எல்லாப் பழியையும் என் மேல் போடுங்கள். பைத்தியக்காரி, அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள் என்றே சொல்லிக்கொள்ளுங்கள். நான் மறுக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த வேன் வரும்போது நீங்கள் அறை வாசலில் நிற்கக்கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன். வியாழன் ராத்திரி போன் செய்து என்னைத் திட்டுங்கள். எவ்வளவு நேரம் திட்டினாலும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
உங்களவள்