விமானம் உடையவில்லை

மரக்காணம்,
18.9.2006

அன்புள்ள அருள்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். பூமீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும். சுகம் விசாரித்தாகிவிட்டது, இனி கோபத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், வேலை இருக்கிறது என்று வைத்தும் விடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது நீ கொண்டுவந்த ரிமோட் விமானத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நம் உப்பளத்து மேட்டில் நின்று ஒரே ஒரு தரம் பறக்கவிட்டாய், அது மூக்குக் குத்தி விழுந்தது, காற்று சரியில்லை என்று அதன்மேல் பழியைப் போட்டுப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டுப் போனாய். அப்புறம் ஒரு போனிலாவது அதைப் பற்றிக் கேட்டாயா? பரணைச் சுத்தம் செய்யும்போது நான்தான் எடுத்துப் பார்த்தேன், தெர்மாகோல் இறக்கை நடுவில் முறிந்து கிடந்தது. உன் சித்தப்பா சகாதேவன் நான் ஒட்டித் தருகிறேன் அண்ணி என்று பெரிய மெக்கானிக் மாதிரி உட்கார்ந்து சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷனைத் தடவினார், தெர்மாகோல் உருகிப் பொத்தல் விழுந்ததுதான் மிச்சம். நான் வேறு தெர்மாகோலை வெட்டிப் பொத்தலில் சொருகி, ஃபெவிகால் வைத்து, காய்ந்த பிறகு டேப் சுற்றினேன். கோணலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பறக்கிறது.

பறக்கிறது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன், அதற்குள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கடல்காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விடுவோம். அப்பா தலைக்கு மேல் தூக்கி வீசுவார், ரிமோட் என் கையில். விமானம் கொஞ்சம் இறங்கினாலும் பயத்தில் என் கை ரிமோட் குச்சியை நெஞ்சுப் பக்கம் இழுத்துவிடும். ஆள் கிடைக்காத நாளில் எல்லாம் பலகை பிடித்து உப்பு வாரின கை இது. உப்பு வாரும்போது தன் பக்கம் இழுத்தால்தான் வேலை நடக்கும், இதில் அப்படி இழுத்தால் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, தொப்பென்று விழுகிறது. எத்தனை தரம் விழுந்தது என்று கேட்காதே. உப்பு அம்பாரத்தை மூடப் போட்டிருந்த தென்னங்கீற்றில் ஒரு தரம் போய்ச் சொருகிக்கொண்டது, ஏணி வைத்து எடுத்தோம். அடுப்பில் சோறு கொதிக்கும்போது ரிமோட்டை ஆன் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டு, விழுகிறது, இழுக்காதே, விடு, விடு என்று எனக்கு நானே சொல்லிப் பழகினேன். பார்த்தவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இந்தக் கையை மாற்ற எனக்கு ஆடி மாதம் முழுக்க ஆனது.

அடுத்த தொல்லை, விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடுகிறது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், அது போகிற திசையையே நானும் பார்த்து நின்று, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோள் வழியாகத் திரும்பிப் பார்த்து ஓட்டினேன், குழப்பம் தீர்ந்தது. ஆனால் மேலே பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தவள் கால் தவறிப் பாத்தியில் விழுந்தேன், புடவையெல்லாம் உப்புத்தண்ணி. விழும்போதும் ரிமோட்டை நனைய விடவில்லை, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த உன் சித்தப்பா கைகொடுத்துத் தூக்கிவிட்டாரா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே உனக்குப் போன் போட்டு, "உங்கம்மா வயசான காலத்துல பிளேன் வுடறாங்கப்பா, அளத்துல தலை காட்ட முடியல" என்று சொல்லியும் வைத்தார்.

அவர் சொன்னது எனக்குப் பெரிசில்லை, அவர் குணம் தெரிந்ததுதான். நீ சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. விழுந்தியே, அடி பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், ஒடச்சிடுவ. இங்க பிளேன் வுடற கிளப்ல சேந்துட்டேன், ஜாபர் ஊருக்கு வர்றான், அவன்கிட்ட குடுத்தனுப்பு" என்றாய். முதல் தரமே உடைத்தவன் யாருடா? இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் யாருக்காவது சோறாகவோ துணியாகவோ மருந்தாகவோ போய்ச் சேர்ந்தது. யாருக்கும் பிரயோஜனமில்லாமல், எனக்குப் பிடிக்கிறது என்பதற்காக மட்டும் நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றுதான். அது மேலே ஏறித் திரும்பும்போது என் வயிற்றில் ஒரு சந்தோஷம் வருகிறது பார், அதை எதுக்கு என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

ஊருக்கு வந்திருக்கிற உன் கூட்டாளி ஜாபர் நேற்று கூனிமேட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை, பேரீச்சம்பழமும் தைலமும் கொண்டுவந்து கொடுத்தான், நீ அனுப்பிய சட்டையும் வந்து சேர்ந்தது, அப்பாவுக்குத் தோளில் பிடிக்கிறது. நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தை அவன் கேட்டான். பொய் சொல்லி நான் பார்த்தே இராத உன் அப்பா, "அது ஒடஞ்சி போச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டார். எனக்காகத்தான் சொன்னார், எனக்குத் தெரியாதா? ஆனாலும் டீ பொங்கி வழிகிற அளவுக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. ஒட்டி ஒட்டி, விழுந்து விழுந்து, ஒழுங்காக ஓட்டப் பழகிய பிறகு, உடைந்துபோனது என்றுதானா நான் கேட்க வேண்டும்? விமானத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "ஒடையல தம்பி. நல்லா இருக்குது. நான்தான் குடுக்க மாட்டேன்" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், சிரிக்கிறாரோ என்னவோ, நான் பார்க்கவில்லை. ஜாபர் அந்த இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சிக்கங்கம்மா, அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான். எனக்காக யாரும் சொல்ல வேண்டாம், என் பிள்ளைக்கு நானே எழுதுகிறேன் என்று சொல்லித்தான் இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. சித்தப்பாவுக்கு நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கிளப்பில் எல்லாரையும் போல நீயும் ஒன்று வாங்கிக்கொள், மனசார ஓட்டு, உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஜாபர் திரும்ப வரும்போது முன்னால் சுற்றுகிற காத்தாடி இரண்டு கொடுத்தனுப்ப மறக்காதே, இருப்பதில் ஓரம் தேய்ந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்கு அவசியம் வா. வந்ததும் பரணில் தேடாதே, விமானம் என் பீரோவுக்கு மேலே இருக்கிறது. ஓட்ட ஆசையாக இருந்தால் என்னைக் கேள், தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பாக்கியலட்சுமி