பங்கோரில் இரண்டு ஓட்டல்

ஆகஸ்ட் 21, வியாழன்

பள்ளிவிட்டு வந்து சாப்பிடும்போது தர்சிகா கேட்டாள்: "இந்த வருஷம் பங்கோர் போலையா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பதினாலு வயதில் முக்கியமான கேள்விகள் எல்லாம் தட்டைப் பார்த்துத்தான் வரும், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சொல்வது நான்தான். இடைநிலைப் பள்ளியின் கவுன்சலிங் ஆசிரியை அல்லவா!

"போறோமே!" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

செப்டம்பர் விடுமுறைக்குப் பங்கோர் தீவு, எட்டு வருடப் பழக்கம். நான், என் கணவர் அருணன், மூத்தவள் தர்சிகா, சின்னவள் ஷாமினி. ஆனால் ஏப்ரலில் அருணன் ஈப்போவிலேயே இன்னொரு பக்கம், மெங்லெம்புவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அடிதடி இல்லை, வேறு ஆளும் இல்லை. பேச்சு நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் பெர்ச்சாம் பழைய வீட்டில் என்னோடு.

அருணனுக்குப் போன் போட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் இரண்டு இரவு அப்பாவோடு, பாசிர் போகாக்கில் ஓர் ஓட்டல். அடுத்த இரண்டு இரவு அம்மாவோடு, தெலுக் நிப்பாவில் வேறோர் ஓட்டல். செவ்வாய் பகல் பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் கைமாறுவார்கள். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு சுமுகமாக நாங்கள் ஒரு விடுமுறையைத் திட்டமிட்டதே இல்லை. அட்டவணை போட்டேன். அருணன் நீலம், நான் ஆரஞ்சு. பிரிந்தவர்களுக்கு எங்களைப் பாடமாகவே வைக்கலாம்.

ஆகஸ்ட் 22

அவருடைய ஓட்டலில் நீச்சல் குளம், குளத்தில் சறுக்கு. என்னுடையதில் விசிறி. எட்டு வயது ஷாமினிக்கு எது பிடிக்கும் என்று சொல்ல கவுன்சலிங் பட்டம் தேவையில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஆயர் தாவாரிலிருந்து விமலா அக்கா பேசினாள். யார் சொன்னார்களோ, தெரிந்துவிட்டது.

"ஒரே தீவுல ரெண்டு ஓட்டலா? உனக்கு என்ன பைத்தியமாடி?"

பிரிந்தாலும் பெற்றோர் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினேன். பள்ளியில் காட்டும் படவில்லைகள் கையில் இல்லாத குறைதான். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேந்து வளக்கிறவ ஏன்டி தனி ரூம் போடுற?" என்றாள்.

அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

என் அறையைப் பதினாறாம் தேதிக்குப் பதிலாகப் பதினான்காம் தேதியிலிருந்தே எடுத்துவிட்டேன். பதினாறு மலேசியா தினம், ஃபெரியில் கூட்டம் நெரியும், அதனால்தான்.

பொய். நாட்குறிப்புக்கே பொய் சொல்கிறேனே! பிள்ளைகள் கடலில் இருக்கும்போது நான் ஈப்போவில் உட்கார்ந்து சோபா உறை துவைக்க முடியாது, அதுதான் காரணம். பக்கத்தில் இருப்பேன். யாருக்கும் தெரியாது.

பெரிய தொப்பி ஒன்று வாங்கினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு. தெலுக் நிப்பா

அவர்கள் காலை பதினொரு மணி ஃபெரி. நான் இரண்டு மணி ஃபெரி. லூமுட் படகுத்துறையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். "டீச்சர், நீங்களா!" என்று ஒரு குரல். போன வருடம் ஐந்தாம் படிவம் முடித்த மெலிண்டா, குடும்பத்தோடு. அவளுடைய அப்பா, அம்மா, மாமா எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். இவ்வளவுதான் என் மாறுவேடத்தின் லட்சணம்.

ஓட்டல்காரி காக் ரோஸ் நல்லவள். சாவியைக் கொடுத்துக்கொண்டே, குடும்பம் எங்கே என்று மலாயில் கேட்டாள். செவ்வாய்க்கிழமை வரும் என்றேன். கோழி முட்டை லாரி வருவதைச் சொல்வது போல இருந்தது.

இரண்டு பெரிய கட்டில். விசிறி டிராக்டர் மாதிரி சத்தம் போடுகிறது. மூன்று மணி நேரமாகப் புத்தகத்தின் இருபதாம் பக்கத்திலேயே இருக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் இந்தக் கடற்கரைக்கு இருவாச்சிப் பறவைகள் வரும், ஆட்கள் கையில் பழம் வைத்துக் கொடுப்பார்கள். தீவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஆறரை மணிக்கு இங்கே வந்துவிடும். என் பிள்ளைகளும் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஐஸ் காச்சாங் கடைக்குப் பின்னால் நின்றேன்.

வந்தார்கள். ஷாமினி பப்பாளித் துண்டை நீட்டிக்கொண்டு கத்திச் சிரித்தாள். அருணன் அவளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டிருந்தார். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. பெர்ச்சாம் வீட்டில் சீப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர் அவர். தர்சிகா மட்டும் கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்து நின்றாள். வயசு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். கவுன்சலிங் ஆசிரியை நினைத்துக்கொண்டாள்!

என் கைப்பையில் காய்ச்சல் மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, பிளாஸ்டர், எல்லாம் இருந்தது. யாருக்காவது என்னவாவது ஆகும், என்னைக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன் போல. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்ன அம்மா நான்?

அறைக்கு வந்ததும் அருணனிடமிருந்து வாட்ஸ்அப்: "தொப்பி நல்லா இருக்கு."

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பதரைக்கு அருணன் கூப்பிட்டார். "தர்சிகா அங்க வந்தாளா?"

"எங்க?"

"அங்கதான் கிருஷா, உன்கிட்ட! குளத்துல இருந்து நானும் ஷாமினியும் மேல வந்தா ரூம்ல ஆள காணோம். பேக்கயும் காணோம். போன கட்டில்லயே போட்டுட்டுப் போயிருக்கா."

கடல்—முதலில் கடல்தான் வந்தது மனசில். பையைத் தூக்கிக்கொண்டு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. வீட்டுச் சட்டையோடு, ஒரு கால் என் செருப்பு, ஒரு கால் காக் ரோஸ் செருப்பு, ரோட்டுக்கு ஓடினேன். கடைகடையாகக் கேட்டேன். தொப்பி கிப்பி ஒன்றுமில்லை, தீவு முழுக்க என்னைப் பார்த்தது.

அருணன் ஷாமினியை இழுத்துக்கொண்டு ஒரு பிங்க் வாடகை வேனில் வந்து இறங்கினார். நடுரோட்டிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

"சின்னப் புள்ளைய தனியா ரூம்ல விட்டுட்டுக் குளத்துக்குப் போவீங்களா?"

"நீ ரெண்டு நாளா ஒளிஞ்சிருந்து வேவு பாத்தியே, நீ பாக்கலயா?"

"நான் வேவு—"

"அக்காதான் நேத்தே சொன்னா," என்றாள் ஷாமினி. அழுதுகொண்டே. "அம்மா அந்தக் கடைக்குப் பின்னாடி நிக்கிறாங்க, பாக்காத மாதிரி இரு, பாவம்னு சொன்னா."

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு வேன்காரர் நிறுத்தி, பெரிய பை தூக்கிய ஒரு பெண்பிள்ளையை மேட்டுப்பாதையில் பார்த்ததாகச் சொன்னார். ஏறிக்கொண்டோம். ஐந்து நிமிடம்கூட இருக்காது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் கிடையாது.

இரண்டு ஓட்டலுக்கும் நடுவே, மேட்டில், சாலையோரச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். எதிரே குரங்குகள். அழவில்லை. எங்களைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா," என்றாள், நாங்கள்தான் தொலைந்துபோனவர்கள் மாதிரி.

அருணன் கத்தப்போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கையைத் தொட்டேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"எங்கம்மா போன?"

"தெரில. அப்பா ஓட்டல் இன்னிக்கு முடியுது. உங்க ஓட்டல் பன்னண்டு மணிக்குத்தான். நடுவுல யாரோட டர்னும் இல்லாம கொஞ்ச நேரம் இருக்கலாம்னு நெனச்சேன்."

வேன்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"நீங்க பிரிஞ்சீங்க. சரி. நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் தர்சிகா. குரல் அங்கேதான் உடைந்தது. "ஆனா நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டுல இருக்கீங்க. பேக்க மட்டும் ஏன் நாங்களே தூக்கணும்? யூனிஃபார்ம் அங்க, புக்கு இங்க. ஷாமினி எந்திரிச்சதும் இது யார் வீடுன்னு கேக்குறாம்மா. இப்ப ஓலிடேலயும் பேக்கா?"

இதற்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும். பள்ளி அலமாரியில் மூன்று மொழியில் கையேடு இருக்கிறது. 'பெற்றோர் பிரிந்தால்: மாணவர் மனநிலை'. தமிழ்ப் பிரதியை எழுதியதே நான்தான். அதில் உணர்வு, நம்பிக்கை, புரிதல் எல்லாம் உண்டு. பை இல்லை. பையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அருணன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப என்னா செய்யலாம், நீயே சொல்லு," என்றார். அப்படிக் கேட்க அவருக்குத் தெரியும் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

"நாங்க ஒரே ரூம்ல இருக்கோம். நீங்க மாறி மாறி வாங்க லா."

ஷாமினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சறுக்கு இருக்கிற ஓட்டல்லயா?" என்றாள்.

அங்கே இன்றைக்கு இடமில்லை, மலேசியா தினக் கூட்டம். அதனால் காக் ரோஸ் அறைதான். இன்று பிள்ளைகளோடு நான். அருணனுக்கு மீன்பிடிப் படகுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் கட்டில் கிடைத்திருக்கிறது. நாளை அவர் இங்கே, நான் வெளியே.

ஆரஞ்சு, நீலம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

செப்டம்பர் 17, புதன். பாசிர் போகாக்

சறுக்கு ஓட்டலில் ஓர் அறை காலியானது. பகலில் பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டேன். பல்துலக்கியையும் விட்டுவிட்டேன். ஒரு தடவை, நாலு கிலோமீட்டர் மாறியதற்கே இந்த லட்சணம். பிள்ளைகள் ஏப்ரலிலிருந்து எத்தனை தடவை மாறினார்கள் என்று எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

பிறகு குளத்துக்குப் போனேன். ஆளில்லை. நாற்பத்து நாலு வயது, முழங்கால் வரை பழைய சுடிதார். சறுக்கில் ஏறினேன். மேலே போனபிறகுதான் தெரிந்தது, எவ்வளவு உயரம் என்று. இறங்கலாம் என்று திரும்பினால் பின்னால் ஒரு சீனத் தாத்தா, பேரனோடு, மரியாதையாகக் காத்திருக்கிறார். சறுக்கினேன். அம்மா என்று கத்தினேன். மூக்கு நிறையத் தண்ணீர்.

நன்றாகத்தான் இருந்தது. ஷாமினியிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

நான்கு பேரும் ஒரே ஃபெரி. ஷாமினி எங்கள் நடுவில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். இருவர் மேலும், சமமாக.

செப்டம்பர் 27, சனி

அருணன் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் டியூஷனில். சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். "பங்கோர்ல செஞ்ச மாதிரி இங்கயும் செஞ்சா என்ன?" என்றார். பிள்ளைகள் பெர்ச்சாமிலேயே இருப்பார்கள். ஒரு வாரம் நான் இங்கே, அவர் மெங்லெம்புவில். அடுத்த வாரம் மாற்றம்.

நான் எழுப்பிய ஆட்சேபங்கள்: அக்கம்பக்கம் என்ன சொல்லும். அந்த வீட்டில் அவர் கட்டிலில் நான் எப்படிப் படுப்பது. என் சமையலறையில் அவர் கடுகு டப்பாவை மாற்றி வைத்துவிடுவார். மூன்றாவதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"தலகாணி உறை புதுசு வாங்கிக்கிறேன். ஆளுக்கொண்ணு," என்றார். சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

நாங்கள் திரும்பச் சேரப்போவதில்லை. அதையும் அதே மேசையில், அதே குரலில் பேசினோம். அவர்தான் முதலில் சொன்னார். எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் வலித்தது.

அக்காவிடம் சொன்னேன். அவள், "அப்ப தீவாளிப் பலகாரத்த எந்த வீட்டுக்கு அனுப்ப?" என்றாள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி. மெங்லெம்பு

என் முதல் வாரம். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தேன். மூன்றாம் மாடி, ஜன்னலில் மலை தெரிகிறது. தரை துடைத்திருந்தது. குளிர்பெட்டிக் கதவில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:

'சுடுதண்ணி சுவிட்ச் போட்டுப் பத்து நிமிஷம் பொறுக்கணும். மழை வந்தா வலது ஜன்னலச் சாத்து. சீனி தீந்துபோச்சு, வாங்க மறந்துட்டேன், சாரி.'

இரண்டு முறை படித்தேன். ஒரே வீட்டில் இருந்த பதினாறு வருடத்தில் இந்த மனிதர் எனக்கு இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை.

கீழே கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்தேன். பதிலுக்கு நானும் ஒரு சீட்டு எழுதினேன். முதல் சீட்டு ஒரு மனைவி எழுதியது போல இருந்தது, கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் 'உங்கள் முயற்சியைப் பாராட்டுகிறேன்' என்று வந்துவிட்டது, அதையும் கிழித்தேன். மூன்றாவதை ஒட்டிவிட்டேன்:

'சீனி இருக்கு. எறும்பு வருது, மூடி வைங்க.'