பீடம் திரும்பிய பிறகு

சேசு மரி சூசை துணை

மீஞ்சூர்
12-11-1968

அன்புள்ள மகன் ஜெயராஜுக்கு அப்பா எழுதுவது. தேவதாயின் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கொல்லைச் சுவர் பாதி சாய்ந்துவிட்டது, தை பிறந்துதான் எடுத்துக் கட்ட வேண்டும். தங்கைக்குப் பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது.

கோவில் சண்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். புதுச் சாமியார் பூசைப் பீடத்தைச் சுவரோரத்திலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து, நம் முகத்தைப் பார்த்தபடி தமிழில் பூசை வைக்கிறார், இலத்தீன் போயே போய்விட்டது. நாட்டாண்மை சின்னதுரைக்குத் தாங்கவில்லை. இன்னாய்யா இது, சாமியாரு கடையில நிக்கிற மாதிரி நம்பளையே பாத்துகினு நிக்கிறாரு, பக்தி எங்க வரும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே எண்ணம்தான், இத்தனை காலம் இலத்தீனில் பாடியவன் வேறு எப்படி நினைப்பேன். மயிலாப்பூருக்குப் போய் பிஷப் ஆண்டவரைப் பார்த்துப் பீடத்தைப் பழையபடி திருப்பக் கேட்பது, பாட்டுக்காரன் என்பதால் நானே பேசுவது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை ரயிலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

முந்தின நாள் ஞாயிறு பூசை. நீ தொட்டிலில் கிடந்தபோது வந்த விஷக் காய்ச்சலில் உன் அம்மாவுக்குக் காது போனதிலிருந்து, பூசையில் அவள் கண்டதெல்லாம் சாமியார் முதுகுதான், பக்கத்தில் இருப்பவர்கள் முழந்தாளிட்டால் தானும் முழந்தாளிடுவாள், மற்ற நேரம் ஜெபமாலை. அன்றைக்கு என்னவோ பெண்கள் பக்கம் முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தாள். சாமியார் கைகளை விரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்றார், எல்லோரும் பதில் சொல்லி அடங்கினோம். அதற்கப்புறம் ஒரு குரல் தனியாக, சந்தையில் ஆளைக் கூப்பிடுவதுபோல உரக்க, உம்மோடும் இருப்பாராக என்றது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஹார்மோனியத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன், உன் அம்மா. சாமியார் சிரிக்கவில்லை, அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லி முடிக்கும்வரை நின்று நின்று பூசை வைத்தார். தங்கையிடம் புதுப் பூசைப் புத்தகத்தைக் கொடுத்து, அவள் உதடசைத்துச் சொல்லச் சொல்ல அம்மா பதில்களை மனப்பாடம் செய்திருக்கிறாள், பதில் சொல்லவேண்டிய இடத்தைச் சாமியார் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில், சாமியாரு எனக்கும்தான் சொன்னாரு, பாத்தீங்களா என்று கேட்டாள்.

நான் ரயிலுக்குப் போகவில்லை. சின்னதுரை வீட்டு வாசலுக்கே வந்து, இன்னா பாக்கியநாதா, ஸ்டேஷன்ல அல்லாரும் காத்துகினு கீறோம், நீ சொக்காகூட போடாம குந்திகினு கீற என்று சத்தம் போட்டார், நான் வரல, பீடம் அப்பிடியே இருக்கட்டும் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, பாட்டுக்குழுவில் பாதிப்பேர் வருவதில்லை, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இலத்தீன் ஆசையும் எனக்கு விட்டபாடில்லை, மாட்டுக் கொட்டகையில் தனியாகப் பாடிக்கொள்கிறேன், மாடு ஒன்றும் சொல்வதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உலைக்களத்து வேலையில் அசட்டையாக இராதே, ஞாயிறு பூசையை விடாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நீ எழுதியதில் அம்மாவுக்குப் பிடிபடாத சந்தோஷம். திவ்விய சேசுவின் ஆசீரும் தேவதாயின் காவலும் உனக்குத் துணையாக இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. நீ அனுப்பிய போட்டோவை அம்மா வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள், மீசை உன் மேலுதட்டை மூடிக்கொண்டிருக்கிறதாம். கிளம்புவதற்கு முன் கத்தரித்துக்கொள். ரயிலைவிட்டு இறங்கி நீ முதலில் என்ன பேசுவாய் என்று இப்போதிருந்தே காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு உன் அப்பா,
ம. பாக்கியநாதன்